பதில்: ஊதா மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை, மனமும் நிற்கவில்லை

சகோதரி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்துக்கு ஊதா மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை, சுடர் முன் உட்கார்ந்தாலும் மனம் அலைகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிறத்தை விடுங்கள். இந்த வழக்கத்தின் தொடக்கத்தில், 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் ஏற்றியவை வெள்ளையும் சிவப்பும்தான். ஊதாவும் மூன்றாம் ஞாயிறின் ரோஜா நிறமும் குருவானவரின் வழிபாட்டு உடையை ஒட்டி வந்தவை; வீட்டில் கட்டாயமில்லை.

மனம் அலைகிறதா? சுடரையே முறைத்துப் பார்க்காதீர்கள், கண்தான் வலிக்கும். மின்விளக்கை அணைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் வேதாகமத்தில் ஏசாயா 9ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரியும், அதனாலேயே நிதானம் வரும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். முதல் வாரம் ஒரு மெழுகுவர்த்தி, அடுத்த வாரம் இரண்டு. அவசரப்பட்டு நான்கையும் ஏற்ற வேண்டாம். மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.