தனாக்ரா பெண்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

அக்கா, கிரேக்கச் சுடுமண் பெண் பொம்மைகளுக்குத் தனாக்ரா என்று ஏன் பெயர்?

ஏதென்ஸுக்கு வடக்கே, பொயோட்டியா பகுதியில் உள்ள ஊர் அது. 1870ஐ ஒட்டி அங்கே பழைய கல்லறைகளைத் தோண்டியவர்கள் கைக்கு இவை ஏராளமாகக் கிடைத்தன. எது எந்தக் கல்லறையில் யார் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பே இல்லாமல் பெரும்பாலானவை விற்றுப் போயின. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. பாணி பிறந்தது ஏதென்ஸில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஒவ்வொன்றையும் கையால் வனைந்தார்களா?

இல்லை தம்பி, அச்சுதான். சுட்ட மண் அச்சுக்குள் ஈரக் களிமண்ணை அழுத்துவார்கள். அது காய்ந்து சுருங்கியதும் தானே கழன்று வரும். தலைக்குத் தனி அச்சு. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் போதும், அதே உடம்பு வேறொருத்தி ஆகிவிடும். விசிறி, அகன்ற தொப்பி எல்லாம் பிறகு சேர்ப்பது. பொம்மையிலிருந்தே மறுபடி அச்சு எடுத்தால், மண் சுருங்குவதால் அடுத்த தலைமுறை சற்றுக் குள்ளமாகும், மடிப்புகளும் மழுங்கும். அருங்காட்சியகத்தில் முதுகுப்பக்கம் தெரிந்தால் அவசியம் பாருங்கள். அநேகமாக வேலைப்பாடே இருக்காது, ஒரு துளை இருக்கும். சூளையில் வெடிக்காமல் ஆவி போக வழி.

மண்ணில் துணி இவ்வளவு மெல்லியதாக எப்படி?

உள்ளே கிட்டோன் என்ற நீண்ட உடை, மேலே ஹிமாட்டியோன் என்ற போர்வை. போர்வைக்குள்ளேயே மடங்கியிருக்கும் கையைக் கவனியுங்கள். விரல் ஒன்றும் தெரியாது. ஆனால் அது துணியை இழுக்கிற இடத்திலிருந்து மடிப்புகள் விசிறியாய்ப் பிரியும். கீழே கிட்டோன் நேர்க்கோடாய் விழும். இரண்டு துணி, இரண்டு கனம் என்று கண்ணுக்குப் புரிந்துவிடும்.

சாமி சிலைகளா, மேடம்?

சில இருக்கலாம். பெரும்பாலானவற்றில் தெய்வ அடையாளம் எதுவும் இல்லை. கல்லறைகளில் மட்டுமல்ல, கோயில்களிலும் கிடைத்திருக்கின்றன.

நிறமே இல்லையே?

இருந்தது! சுடுமுன் வெண்பூச்சு, சுட்டபின் வண்ணம். சூளை காணாத வண்ணம் என்பதால் உதிர்ந்துவிட்டது. லூவர் அருங்காட்சியகத்தின் ‘நீல உடைப் பெண்’ணின் போர்வையில் நீலமும், கரையில் தங்கமும் இன்னும் நிற்கின்றன.

ஆன்லைனில் ஒன்று வாங்கலாமா, அக்கா?

வேண்டாம். வாங்கினால் கல்லறைக் கொள்ளைக்குத் துணை போனதாகிவிடும். போதாக்குறைக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே போலிகள் குவிந்துவிட்டன. கடைசியாக எப்போது சூடேறியது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனை காட்டும். ஆனால் பழைய உடம்பில் புதுத் தலை ஒட்டியிருந்தால்? இரண்டிலிருந்தும் தனித்தனியே மண் எடுத்துச் சோதிக்க வேண்டும்.