பழைய ஜெர்மன் ஃபர்னிச்சர்: எதுல ஆரம்பிக்கலாம்?

கேள்வி: 1950, 60கள்ல வந்த ஜெர்மன் ஃபர்னிச்சர் சேர்க்கணும்னு ரொம்ப ஆசை, பட்ஜெட் கம்மி. முதல்ல எதை வாங்கலாம்?

பதில்: உல்ம் ஸ்டூல்ல ஆரம்பிங்க. 1954ல ஜெர்மனியில உல்ம்ங்கிற ஊர்ல இருந்த டிசைன் ஸ்கூலுக்காக டிசைனர்கள் மாக்ஸ் பில்லும் ஹான்ஸ் குகெலோட்டும் பண்ணது. மூணு பலகை, ஒரு உருட்டுக் கட்டை, அவ்வளவுதான், ஆனா அதுல உட்காரலாம், பக்கத்துல போட்டா சைடு டேபிள், கவுத்துப் பிடிச்சா புக்கு அள்ளிட்டுப் போற ட்ரே, கிளாஸ் கிளாஸா அலையிற பசங்களுக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க! மூலையை உத்துப் பாருங்க, பலகை பல்லு பல்லா கோத்திருக்கும், அதுல இடைவெளி விழுந்திருக்கக் கூடாது. தரையில படுற விளிம்புல கெட்டியான பீச் (beech) மரக் கட்டை இருக்கும், ஏன்னா மேல இருக்குற ஸ்ப்ரூஸ் (spruce) மரம் மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் தேஞ்சிடும். கீறல் இருந்தா பரவாயில்ல, தயவுசெஞ்சு பளபளன்னு வார்னிஷ் அடிச்சிடாதீங்க. இதை இப்பவும் புதுசா தயாரிக்கிறாங்க, அதனால பழசுன்னு சொல்லி விக்கிறதை அப்படியே நம்பிடாதீங்க, பட்ஜெட் இடிச்சா புதுசே வாங்கிக்கலாம், தப்பே இல்ல.

அப்புறம் கை கொஞ்சம் தாராளமானா ஜெர்மன் டிசைனர் டீட்டர் ராம்ஸோட 606ங்கிற ஷெல்ஃப், 1960ல வந்தது. சுவத்துல அலுமினிய ட்ராக், அதுல பின் போட்டு தட்டை மாட்டுறது. பழசோட புதுசும் பொருந்தும், வருஷத்துக்கு ஒரு தட்டா கூட சேர்த்துக்கலாம்.