முத்திரை இருந்தால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் குழுவுக்குக் கடன் தரும் நுண்கடன் நிறுவனம், 'வாடிக்கையாளர் பாதுகாப்புச் சான்று பெற்றவர்கள் நாங்கள்' என்கிறது. யார் தரும் சான்று இது? நம்பலாமா?

பதில்: 'ஸ்மார்ட் கேம்பெயின்' என்று ஒரு லாப நோக்கமற்ற முயற்சி 2009இல் தொடங்கியது. கடன் வாங்குபவரைத் திணறவைக்காதே, விலையை மறைக்காதே, மரியாதையாக நடத்து, புகாரைக் காதுகொடுத்துக் கேள் என்கிற மாதிரி 7 கோட்பாடுகள் வைத்திருந்தார்கள். 2013 முதல் வெளியாட்களை வைத்துச் சோதித்துச் சான்றும் கொடுத்தார்கள். 2020இல் அதை மூடிவிட்டார்கள். பொறுப்பு செரீஸ், எஸ்.பி.டி.எஃப். (சமூகச் செயல்திறன் பணிக்குழு) ஆகிய அமைப்புகளிடம் போனது. ஆகவே முதலில் சான்றின் தேதியைப் பாருங்கள். பழைய தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்!

சரி, சான்று புதிதாகவே இருக்கட்டும். பல வருடம் கணக்குத் தணிக்கை செய்தவன் என்பதால் என் கண் வட்டி மேல்தான் போகும். 1,000 கடன், 'வெறும் 20 சதவீதம்', மாதம் 100 வீதம் 12 தவணை என்பார்கள். அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ முழு 1,000க்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக்கு, அதாவது அந்தந்த மாதம் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும், போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 35 சதவீதம். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் கடன் கொடுக்கும் ஊழியருக்கே இது தெரியாது, பாவம்.

அப்புறம் நுழைவுக் கட்டணம், காப்பீடு, கட்டாயச் சேமிப்பு எல்லாம் தனி. 'எல்லாம் சேர்த்து, குறையும் நிலுவையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?' என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.