வெப் கம்போனென்ட் ஸ்டைல்: சர்வேயில் எதைக் கேட்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 6 டீம்களுக்குப் பட்டன், தேதிப்பெட்டி, பாப்அப் எல்லாவற்றையும் வெப் கம்போனென்ட்டாக, அதாவது எந்தப் பக்கத்திலும் போடக்கூடிய சொந்த டேகாகச் செய்து கொடுக்கிறோம். 'ஸ்டைல் மாற்ற முடியவில்லை' என்று ஓயாத புகார். 'பார்ட், ஸ்லாட்டட், ஹோஸ்ட் ஆகிய செலக்டர்களில் உங்களுக்கு எது வேண்டும்?' என்று டெவலப்பர்களிடம் சர்வே எடுக்கலாமா?

பதில்: இந்தக் கேள்வியை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். செலக்டர் என்பது எந்த உறுப்புக்கு ஸ்டைல் என்று சொல்லும் சிஎஸ்எஸ் குறி. அவற்றில் ஸ்லாட்டட் (வெளியிலிருந்து உள்ளே வைக்கப்படும் உறுப்பைப் பிடிப்பது), ஹோஸ்ட் (கம்போனென்ட்டின் டேகையே பிடிப்பது) இரண்டும் கம்போனென்ட்டுக்குள் நீங்கள் எழுத வேண்டியவை. பக்கம் கட்டுகிறவர் வெளியிலிருந்து உள்ளே கைவைக்க அவருக்கு இருப்பது பார்ட்டும் (நீங்கள் பெயர் வைத்த உள் உறுப்பைப் பிடிப்பது) கஸ்டம் ப்ராப்பர்ட்டியும்தான் (மதிப்பை வெளியிலிருந்து தரக்கூடிய சிஎஸ்எஸ் மாறி). தனக்குச் சம்பந்தமில்லாததையும் சேர்த்துக் கேட்டால், மூன்றையும் டிக் செய்து அனுப்பிவிடுவார். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மூன்றே கேள்வி போதும். எதை மாற்ற நினைத்தீர்கள்? ஸ்க்ரீன்ஷாட்டோடு கேளுங்கள். என்ன சிஎஸ்எஸ் எழுதினீர்கள்? அப்படியே ஒட்டச் சொல்லுங்கள். கடைசியில் எப்படிச் சமாளித்தீர்கள்? இந்த மூன்றாவது பதிலை வரிக்கு வரி படியுங்கள்.

வந்த பதில்களைப் பிரிப்பது சுலபம். நிறம், எழுத்து, இடைவெளி கேட்டவருக்குச் செலக்டரே வேண்டாம், கஸ்டம் ப்ராப்பர்ட்டி ஷேடோ எல்லையை, அதாவது பக்கத்தின் சிஎஸ்எஸ் செலக்டர்கள் கம்போனென்ட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் சுவரைத் தாண்டி இறங்கிவிடும். குறிப்பிட்ட ஓர் உள் உறுப்பைக் கேட்டவருக்குப் பார்ட். தேதிப்பெட்டி::பார்ட்(தலைப்பு) என்று பிடித்து, கூடவே ஹோவர், ஃபோகஸ் போடலாம். ஆனால் தேதிப்பெட்டி::பார்ட்(தலைப்பு) ஸ்பான் என்று அதற்கும் கீழே இறங்க முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பானுக்கும் தனியாகப் பார்ட் பெயர் வைத்தால்தான் உண்டு. தேதிப்பெட்டி இன்னொரு கம்போனென்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு அடுக்கிலும் உள் பார்ட் பெயரை வெளியே கடத்தும் எக்ஸ்போர்ட்பார்ட்ஸ் என்ற அட்ரிபியூட்டை எழுத வேண்டும். ஒன்றை விட்டாலும் எர்ரர் வராது, ஸ்டைலும் வராது.

ஸ்லாட்டட் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், 'கம்போனென்ட் பழுது' என்று வரும் புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. ஸ்லாட்டட்(பி) என்பது ஸ்லாட்டில் (வெளி உள்ளடக்கத்துக்காக நீங்கள் விட்டு வைத்த இடத்தில்) நேரடியாக வந்து விழும் பி டேகை மட்டும் பிடிக்கும். டெவலப்பர் அதை ஒரு டிவ்வுக்குள் வைத்துக் கொடுத்தால் பிடிக்காது. ஸ்லாட் காலியாக இருக்கும்போது தெரியவென்று நீங்களே உள்ளே எழுதி வைத்த வாசகத்தையும் பிடிக்காது, அதற்குச் சாதாரண செலக்டர் எழுதுங்கள். இன்னொன்று: பக்கத்தின் ரீசெட்டில் (பிரவுசரின் இயல்பு ஸ்டைலை அழிக்கும் சிஎஸ்எஸ்ஸில்) எல்லா உறுப்பையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு மார்ஜின் 0 என்று இருந்தால் போதும், நீங்கள் ஸ்லாட்டட்டில் கொடுத்த மார்ஜின் போய்விடும். செலக்டரின் பலம் அங்கே கணக்கில் வராது, வெளிப் பக்கத்தின் விதிதான் ஜெயிக்கும். உள்ளே இம்பார்ட்டன்ட் (விதிக்கு முன்னுரிமை தரும் குறி) போட்டிருந்தால் மட்டும், வெளியேயும் அதைப் போட்டிருந்தாலும், உள்ளே இருப்பது ஜெயிக்கும்.

'டீப் போட்டோம், வேலை செய்கிறது' என்று சிலர் எழுதுவார்கள். எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். டீப் என்பது வ்யூ, ஆங்குலர் போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் தம் சொந்தக் கம்போனென்ட்டுகளுக்குள் இறங்க வைத்திருக்கும் ஏற்பாடு, உண்மையான ஷேடோ டாமுக்குள் (ஷேடோ எல்லைக்குள் இருக்கும் பகுதிக்குள்) போகாது. பிரவுசரில் இருந்த பழைய டீப்பைக் குரோம் 2017 டிசம்பரில், 63ஆம் பதிப்பில் எடுத்துவிட்டது. பார்ட் குரோமுக்கு வந்தது 2019இல், ஃபயர்ஃபாக்ஸுக்கும் சஃபாரிக்கும் 2020இல். இருந்ததைப் பிடுங்கிவிட்டு, மாற்று தராமல் இத்தனை காலம் காக்க வைத்தால் ஆட்கள் குறுக்கு வழி தேடாமல் என்ன செய்வார்கள்?

அந்தக் குறுக்கு வழியைக் காசாக்குகிறவர்கள்தான் இன்றைய தலைவலி. 'எந்தக் கம்போனென்ட்டையும் உங்கள் பிராண்ட் நிறத்துக்கு மாற்றித் தருகிறோம்' என்று வரும் கான்ட்ராக்டர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஷேடோரூட்டுக்குள், அதாவது ஷேடோ டாமின் வேருக்குள், ஒரு ஸ்டைல் டேகை ஸ்கிரிப்ட் வைத்துத் திணிப்பது. டெமோ பளிச்சென்று இருக்கும். நீங்கள் உள்ளே ஒரு கிளாஸ் பெயரை மாற்றிய அன்றைக்கு 6 டீமின் பக்கமும் ஒன்றாகக் கலையும், பில் வாங்கியவர் அப்போது இருக்க மாட்டார். மூன்றாவது கேள்விக்கு 'ஷேடோரூட்' என்ற சொல்லோடு வரும் ஒவ்வொரு பதிலையும் தனியாக எடுத்து வையுங்கள். பார்ட் பெயர் முதலில் வைக்க வேண்டியது அந்த இடங்களுக்குத்தான். வைத்த பெயரை வெளியிட்ட பிறகு மாற்றுவதாக இருந்தால், பெரிய பதிப்பு எண்ணோடு, ரிலீஸ் குறிப்பில் எழுதிவிட்டு மாற்றுங்கள்.