நோட்ர டேம் கலைக் கல்லூரி

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் கலை, இலக்கியக் கல்லூரியில் சேர விரும்புகிறாள். பாதிரியார்கள் தொடங்கிய இடத்தில் தத்துவமும் வரலாறும் சுதந்திரமாகப் படிக்க முடியுமா? பழைய மடம்போல அப்படியே இருக்குமோ என்று தயங்குகிறேன்.

வி.

அன்புள்ள வி.,

அப்படியே இருந்திருந்தால் அது இன்று ஒரு விடுதிப் பள்ளியாகத்தான் இருக்கும். 1842 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் அருகே, ஏரிக்கரைக்கு எட்வர்ட் சோரின் வந்தபோது அவருக்கு 28 வயது. திருச்சிலுவை சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பிரெஞ்சுப் பாதிரியார். 1844-ல் பல்கலைக்கழகம் நடத்த அவருக்கு மாநில அரசின் அனுமதிப் பட்டயம் கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி, சட்டமன்றத்தில் முன்னின்று வாங்கித் தந்தவர் ஜான் டிஃப்ரீஸ் என்ற மெதடிஸ்டு, அதாவது கத்தோலிக்கர் அல்லாத புராட்டஸ்டன்ட். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

பெயர்தான் பல்கலைக்கழகம். விடுதியில் இருந்தவர்களில் ஏராளமானோர் பள்ளிப் பையன்கள். 'மினிம்ஸ்' என்று அழைக்கப்பட்ட சின்னஞ்சிறுவர்களும் உண்டு. கல்லூரிப் படிப்பு என்றால் முதன்மையாக லத்தீன், கிரேக்கம். 1879 ஏப்ரலில் பிரதானக் கட்டடம் எரிந்து, செப்டம்பரில் புதுக்கட்டடத்தில் வகுப்பு தொடங்கியதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரியம் 1922-ல் நடந்தது. தலைவர் ஜேம்ஸ் பர்ன்ஸ் உயர்நிலைப் பள்ளிப் பிரிவையே மூடினார். கட்டணம் கட்டிவந்த அத்தனை பையன்களையும் விட்டுக்கொடுப்பது லேசான முடிவல்ல. ராக்ஃபெல்லர் பணத்தில் இயங்கிய கல்வி வாரியம் 2,50,000 டாலர் தர முன்வந்தது. பல்கலைக்கழகம் தன் பங்குக்கு 7,50,000 திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பர்ன்ஸ் தலைவர் பதவியை விட்டு இறங்கி நிதி திரட்டப் போனார். இப்படிப்பட்டவர்களால்தான் அது உண்மையான கல்லூரி ஆயிற்று.

பிறகு 1946-ல் மத்தியகால ஆய்வு நிறுவனம் வந்தது. 1950-ல், பெரும் நூல்களை வட்டமாக உட்கார்ந்து விவாதித்துப் படிக்கும் ஒரு பாடத்திட்டம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் 1967-ல் இருக்கிறது. அப்போதைய தலைவர் தியோடர் ஹெஸ்பர்க், மற்றக் கத்தோலிக்கக் கல்வியாளர்களோடு விஸ்கான்சின் மாநிலத்தின் லேண்ட் ஓ லேக்ஸில் கூடி, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் திருச்சபை அதிகாரத்தின் முன்னும் கல்விச் சுதந்திரம் வேண்டும் என்று அறிக்கை விட்டார். அவரே பாதிரியார் என்பதை மறந்துவிடாதீர்கள். அதே ஆண்டு, நிர்வாகப் பொறுப்பு சபையின் கையிலிருந்து பாதிரியார் அல்லாத பொதுநிலையினரும் சேர்ந்த அறங்காவலர் குழுவுக்கு மாறியது. இளங்கலையில் பெண்களைச் சேர்த்தது 1972-ல்தான். அந்தத் தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள். இளங்கலை மாணவர் எந்த மதத்தவரானாலும் அங்கே இறையியல் படித்தாக வேண்டும். அதில் அவளுக்குத் தடையில்லை என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.