ரேகையில் அறிவு தெரியுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மளிகைக் கடை பில்லைக் கூட்டிப் பார்த்து, "எட்டு ரூபாய் அதிகமா போட்டிருக்காங்க" என்கிறான், பார்த்தால் அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, எழுதச் சொன்னால் எழுதுவதில்லை என்று டீச்சர் புகார். பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து அறிவுத்திறனைச் சொல்கிறோம், ஐயாயிரம் ரூபாய் என்று ஒருவர் வந்தார். எடுக்கலாமா?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: அந்த ஐயாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. விரல் ரேகை நீங்கள் கர்ப்பமாக இருக்கும்போதே அமைந்துவிட்டது, அதைப் பார்த்துக் கணக்கு வருமா வராதா என்று சொல்ல யாராலும் முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று வருகிற 'மிட்பிரெய்ன்' ஆட்களும் இதே ரகம்தான்.

நிஜமான சோதனையில் பையன் ஒரு சைக்காலஜிஸ்ட் எதிரே ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். படத்தில் உள்ளபடி கட்டைகளை அடுக்கு, நான் சொல்லும் எண்களைத் தலைகீழாகச் சொல், இந்த மாதிரி. நம் ஊரில் பினே-காமத், மாலின், வெக்ஸ்லர் என்று இந்தச் சோதனைகளின் பெயர்களைச் சொல்வார்கள். செய்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

சோதனை முடிவில் ஐ.க்யூ. என்று ஒரு அறிவுத்திறன் எண் தருவார்கள். அதில் சராசரி 100, 130-க்கு மேல் வருவது நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பகுதிவாரியாக மதிப்பெண் கேளுங்கள், ஏனென்றால் கணக்கில் புலியாக இருக்கிற பிள்ளைக்கே எழுதுவதிலோ கவனத்திலோ சிக்கல் இருக்கலாம், மொத்த எண்ணில் அது மறைந்துவிடும், டீச்சர் அதைச் சேட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பார். சும்மா போரடிக்கிறதா, நிஜமாகவே சிக்கலா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களுக்கு இந்தச் சோதனை. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வதற்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

ஸ்காலர்ஷிப் தேர்வு எழுத வைக்கலாமா என்று யோசித்தால், அதற்கு அவசரமில்லை. அரசு அல்லது உதவி பெறும் பள்ளி, குறைந்த வருமானம் என்றால் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதலாம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வும் எட்டிலிருந்துதான். அதுவரைக்கும் நூலக உறுப்பினர் அட்டை, 'துளிர்' மாதிரி ஒரு அறிவியல் இதழ், போதும். அப்புறம், மளிகை பில் அலுத்துவிட்டால் கரண்ட் பில்லைக் கொடுங்கள். முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலை மாறும். ஃபேனை எத்தனை மணி நேரம் நிறுத்தினால் எவ்வளவு குறையும் என்று அவனே சொல்லட்டும்.