நியூரம்பெர்க் சந்தைக்குப் போகலாமா? முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். பேத்தியின் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு டிசம்பர் 24 இரவு சென்னையிலிருந்து கிளம்பலாம் என்றிருக்கிறோம். டிக்கெட் இன்னும் போடவில்லை. ‘அவ்வளவு தூரம் போய்விட்டு நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்காமல் வரக் கூடாது’ என்கிறாள் மகள். ‘கூட்டத்தில் இடிபட்டுக் காசைக் கரைக்கிற இடம், வேண்டாம்மா’ என்கிறான் மகன். பேத்திக்கு 9 வயது. நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவம். போகலாமா? — வாசகி, ஈரோடு

பதில்: டிக்கெட் போடாமல் இருந்தது நல்லதாயிற்று. 24 இரவு கிளம்பினால், நீங்கள் போய் இறங்கும்போது அங்கே சந்தையே இருக்காது. பெயர்தான் கிறிஸ்துமஸ் சந்தை. நடப்பதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார அட்வென்ட் காலத்தில். நியூரம்பெர்க்கில் முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளியன்று தொடங்குவார்கள். டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கு முடித்துவிடுவார்கள். மியூனிக்கின் மரியன்பிளாட்ஸ் சந்தைக்கும் அதே கதிதான். 25, 26 இரண்டு நாளும் ஜெர்மனி முழுக்க விடுமுறை. பால் வாங்கக்கூட ரயில் நிலையக் கடையைத் தேட வேண்டிவரும். நம் பள்ளி விடுமுறையை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பேத்தியின் பரீட்சைதான் முக்கியம், தேதியை மாற்ற முடியாது என்றால் நியூரம்பெர்க்கை மறந்துவிட்டு சால்ஸ்பர்க் போங்கள். ஆஸ்திரியாவில் இருக்கிறது, ஆனால் மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். பேராலயத்தின் முன்னால் நடக்கும் அந்தச் சந்தை சமீப ஆண்டுகளில் ஜனவரி 1 வரை நீடிக்கிறது. அந்த ஆண்டுக்கான தேதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைதானே என்று பள்ளியில் பேசி, 15-ஆம் தேதி வாக்கில் கிளம்ப வழி கிடைத்தால் நியூரம்பெர்க்குக்கே போகலாம். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அரை நாளுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஃபிராவன்கிர்ஹே தேவாலயத்தின் முன் சதுக்கத்தில், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையோடு சுமார் 180 மரக்கடைகள். இப்படியொரு சந்தை இங்கே நடந்ததற்கு 1628-ஆம் ஆண்டுச் சான்று உண்டு. உங்கள் மகன் சொல்வதும் பொய்யில்லை. சனிக்கிழமை மாலையில் போனால் கடைகளைப் பார்க்கவே முடியாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைப் பாருங்கள்.

பயணத்துக்கு பயர்ன் டிக்கெட் எடுங்கள். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுக்கப் போய் வரலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். மண்டல ரயில்களில் மட்டும்தான் செல்லும். அவசரத்தில் ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறிவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம் என்று அபராதம் கட்ட வேண்டும். மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க்குக்கு மண்டல விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும்.

9 மணிக்குப் பின் முதல் ரயிலைப் பிடித்தால் பகல் 12-க்குள் சதுக்கத்தில் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். தேவாலய முகப்பில் 1509-ஆம் ஆண்டுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. 12 அடித்ததும் ஏழு இளவரசர்களின் பொம்மைகள் வெளியே வந்து, நடுவில் அமர்ந்திருக்கும் பேரரசர் நான்காம் சார்லஸை மூன்று முறை சுற்றிப் போகும். பேத்திக்கு இது பிடிக்கும். பிறகு நாலைந்து நிமிட நடையில் ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கம். அங்கே குழந்தைகளுக்கென்றே தனிச் சந்தை, இரண்டடுக்குக் குடைராட்டினத்தோடு. மதியத்தை அங்கே கழித்துவிட்டு, நாலு மணிக்குப் பெரிய சந்தைக்குத் திரும்புங்கள். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். விளக்குகள் எரியத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரம்தான் இத்தனை பயணத்துக்கும் பலன். ஐந்தரைக்கு மேல் அலுவலகம் விட்டுக் கூட்டம் வந்துவிடும், அதற்குள் கிளம்பிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் உஷாராக இருங்கள். அந்த ஊரின் பெருமையே விரல் நீளப் பன்றி இறைச்சி சாசேஜ், மூன்றை ஒரு பன்னில் வைத்துத் தருவது. அந்தப் புகை எங்கும் இருக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். லெப்குகன் கேக்கின் உயர் ரகமான எலிசன் லெப்குகனில் மாவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, பாதாம், ஹேசல்நட், வால்நட் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். வாசனை இழுக்கும், ஆனால் சேர்மானத்தில் முட்டை உண்டு. பேகர்ஸ் என்கிற உருளைக்கிழங்கு அடையிலும் பெரும்பாலும் முட்டை சேரும். ஐயர்புன்ஷ் என்று மஞ்சளாக ஒரு சூடான பானம் விற்பார்கள். பெயரில் ‘ஐயர்’ இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஜெர்மனில் ‘ஐயர்’ என்றால் முட்டைகள்!

உங்களுக்கு ஏற்றவை சுட்ட செஸ்ட்நட்டும் சர்க்கரைப் பாதாமும். பாதாம் செய்வதை நின்று பாருங்கள். செம்புக் கொப்பரையில் சர்க்கரையும் பட்டைத்தூளும் தண்ணீரும் கொதிக்கும்போது பாதாமைக் கொட்டிக் கிளறுவார்கள். தண்ணீர் வற்றியதும் பாகு பூத்து, பாதாமெல்லாம் வெள்ளை மணலில் புரண்டது போலாகும். கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். கிளறிக்கொண்டே இருந்தால் அந்தச் சர்க்கரை மறுபடி உருகி, பழுப்பாகப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். 100 கிராம் கூம்புப் பொட்டலம் மூன்று பேருக்குப் போதும். வயிறு நிறைய வேண்டுமென்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் ரயிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குளிரில் சோறு விறைத்துவிடும்.

குடிக்க கிண்டர்புன்ஷ் கேளுங்கள், மசாலா சேர்த்த சூடான பழச்சாறு. க்ளூவைன் என்பது திராட்சை மது. இரண்டும் ஒரே மாதிரிக் குவளையில், ஒரே நிறத்தில் வரும். அதனால் பேத்திக்கு வாங்கும்போது ‘ஓனே ஆல்கஹோல்?’ (மது இல்லாததுதானே?) என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குவளைக்குத் தனியாகச் சில யூரோ முன்பணம் பிடிப்பார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், பிடித்திருந்தால் குவளையையே வைத்துக்கொள்ளலாம். அட்டை வாங்காத கடைகள் உண்டு. 5, 10 யூரோ நோட்டாகவும் சில்லறையாகவும் வைத்திருங்கள். கழிப்பறைக்கும் காசு கேட்பார்கள்.

குளிர் ஏறுவது காலிலிருந்துதான். கல் பாவிய தரையில் மணிக்கணக்காக நிற்கும்போது மெல்லிய ஷூ வழியாகப் பாதம் மரத்துப்போகும். பருத்திக் காலுறை வியர்வையை வைத்துக்கொண்டு இன்னும் சில்லிட வைக்கும். கம்பளிக் காலுறையும் தடித்த அடிப்பாகமுள்ள ஷூவும் போடுங்கள். புடவைதான் கட்டுவீர்கள் என்றால் உள்ளே தெர்மல் அவசியம்.

வாங்குவதற்கென்று போனால் மகன் சொன்னது நடந்துவிடும். இந்த ஊருக்கே உரிய பொருள் வேண்டுமென்றால் ஸ்வெட்ஷ்கன்மென்லே: உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்து உடம்பு, வால்நட் தலை, துணிச்சட்டை. ஈரோட்டில் எறும்புக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பேத்தி கண்ணாடி உருண்டைக்குள் பனி கொட்டும் பொம்மையைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், ஆனால் கைப்பையில் வேண்டாம். உள்ளே இருப்பது திரவம். 100 மில்லிக்கு மேல் என்று விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்ளக்கூடும். கம்பளிக் காலுறைக்குள் திணித்துப் பெரிய பெட்டியில் போடுங்கள்.